ஒரு தடவைதான் கேட்பார்கள்

செப்டம்பர் 11

அம்மா தூங்கிவிட்டாள். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். குளிர்பதனக் கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து விடியும்போதுதான் வருவார்.

அலமாரியைத் திருப்பிப் போட்டு, பழைய போர்வையைத் திரையாகக் கட்டி, போன மாதம்தான் அப்பா எனக்கென்று இந்த மூலையைச் செய்துகொடுத்தார். ஒரு மெத்தை, ஒரு ஸ்டூல், ஜன்னலில் பாதி. மீதிப் பாதி ஹாலுக்குச் சொந்தம். தெருவிளக்கு என் பாதியில்தான் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். லைட் போட்டால் அம்மா எழுந்து வந்து "கண்ணு கெட்டுப்போகும்டி" என்பாள். அதற்குப் பிறகு "என்ன எழுதுற" என்பாள். இரண்டாவதுதான் பயம்.

இன்று அம்மாவின் முதுகுவலிக்காக கிளினிக் போனோம். வழக்கம்போல் நடுவில் நான். டாக்டர் இந்த ஊர் மொழியில் கேட்க, நான் அம்மாவிடம் தமிழில் கேட்க, அம்மா சொல்ல, நான் திருப்பிச் சொல்ல. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா சொன்னாள்: "அது கிடக்கு, பெருசா ஒண்ணுமில்ல." பெரிதாக ஒன்றுமில்லையாம் என்று சொன்னேன். டாக்டர் ஃபைலை மூடிவிட்டார்.

வழியெல்லாம் அம்மா புலம்பினாள். "என்ன டாக்டர் இவரு? தொட்டுக்கூடப் பாக்கல."

"நீதானேம்மா ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

"சொன்னா விட்டுடுவாங்களா? இன்னொரு தடவை கேட்க வேண்டாமா?"

ராத்திரி புரண்டு படுக்கும்போது அம்மா முனகுவது இங்கே எனக்குக் கேட்கிறது. அதை டாக்டரிடம் நான் சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? சொன்னால் அதிகப்பிரசங்கி. சொல்லாவிட்டால் இப்படி.

"எங்க வாயே நீதான்" என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். கேட்கும்போதெல்லாம் நான் அங்கிருந்து நழுவிவிடுவேன்.

செப்டம்பர் 14

கேன்டீனில் நெட்டையோடு சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது. எனக்குக் கோபம், அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

நெட்டை என்று நான்தான் பெயர் வைத்தேன். போன வருஷம் மொழி தெரியாத இரண்டு பேரையும் கொண்டுவந்து கடைசி பெஞ்சில் போட்டார்கள். எனக்கு அவள் மொழி தெரியாது, அவளுக்கு என் மொழி தெரியாது. இந்த ஊர் மொழியை இரண்டு பேரும் தப்புத்தப்பாக ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் கற்றுக்கொண்டோம். பக்கத்துக் கட்டிடத்தில்தான் இருக்கிறாள். அவள் அம்மா டிப்போவில் பஸ் கழுவுகிறார். நாலு வயதில் ஒரு தங்கை. அதற்கு நான் வைத்த பெயர் வாலு. அப்பா அவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இன்று நான் சாப்பாடு எடுத்துப் போக மறந்துவிட்டேன். நெட்டை தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து "வேணுமா?" என்றாள். "வேண்டாம்" என்றேன். சரி என்று முழுவதையும் அவளே தின்றுவிட்டாள். எனக்கு எதிரிலேயே. தூளைக்கூடத் தட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

கடைசி மணிக்கு என் வயிறு போட்ட சத்தம் அவளுக்கே கேட்டுவிட்டது. "பசிக்குதா? அப்புறம் ஏன் வேண்டாம்னு சொன்ன?"

"முதல்ல வேண்டாம்னுதான் சொல்லணும். நீ இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "உன் வயிறு உனக்குத் தெரியாதா? வேண்டாம்னு சொன்னவளை மறுபடி கேட்டா, நீ பொய் சொல்றேன்னு சொல்ற மாதிரி ஆகாதா? எங்க ஆளுங்க ஒரு தடவைதான் கேட்பாங்க. குடுக்கறதா இருந்தாலும் சரி, வாங்கறதா இருந்தாலும் சரி."

"உதவி கேட்டா கூடவா?"

"அதுக்குத்தான் முக்கியமா. முடியும்னா அங்கேயே முடியும்னு சொல்லிடுவாங்க. 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்'னா முடியாதுன்னு அர்த்தம். முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றது மரியாதை இல்லல்ல. அதுக்கப்புறம் திரும்பக் கேட்கக் கூடாது. கேட்டா அவங்களுக்குத்தான் சங்கடம்."

என்ன ஜனங்களோ. பசியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 19

நெட்டை இன்று முதல் தடவையாக எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். வாலுவும் வந்தது.

அம்மா பரிமாறினாள். நெட்டை சாப்பிட்டு முடித்து "போதும்" என்றாள். அந்த ஒரு சொல்லை நான் முன்பே தமிழில் சொல்லிக்கொடுத்திருந்தேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அட, போதும்னு சொல்லுது பாரு" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். நெட்டை என்னைப் பார்த்தாள். சாப்பிட்டாள். "போதும்" என்றாள். "வளர்ற பொண்ணு, வெக்கப்படாம சாப்பிடு" என்று அம்மா மறுபடி வைத்தாள். நான் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். நெட்டையின் கண்ணில் தண்ணீர் நின்ற பிறகுதான் "அம்மா, நிஜமாவே போதுமாம்" என்றேன்.

வாலு மட்டும் போதும் என்றே சொல்லவில்லை. அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளுடைய அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டது. அம்மா தையல் கடையில் ஜிப் மாற்றுகிற, பேன்ட் நீளம் குறைக்கிற வேலை செய்கிறாள். அந்த டேப் எப்போதும் அவள் தோளில்தான் தொங்கும். வாலு அம்மாவின் மூக்கை அளந்தது. அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 20

நெட்டை இன்று பள்ளிக்கு வரவில்லை. வயிற்று வலியாம்.

அக்டோபர் 2

நெட்டையின் அம்மா வந்தார். தனியாக. தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை. டிப்போ வேலைக்குப் போகிறவர் மாதிரியே இல்லை. கையில் மட்டும் பிளீச்சிங் வாடை.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, மனப்பாடம் செய்து வந்ததுபோல் சொன்னார். வயிற்றில் கட்டி. ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலும் அப்புறம் ஓய்விலுமாக ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பார்த்துக்கொள்ள இங்கே சொந்தம் யாரும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் அதுவரை உங்கள் வீட்டில் இருக்கலாமா?

நான் தமிழில் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஆபரேஷன் பெரிதா, கூட யார் இருப்பார்கள், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சொன்னேன். பிறகு அம்மா சொன்னாள்:

"அவர் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லு."

சொல்லும்போதே அவள் கண் ஹாலைச் சுற்றியது. எந்தப் பக்கம் மெத்தை போடலாம் என்று அளக்கிற பார்வை அது. அப்பாவைக் கேட்பதெல்லாம் பேச்சுக்கு. அப்பா என்றைக்கு மாட்டேன் என்றிருக்கிறார்? கேட்காமல் சொன்னால் அப்பாவுக்கு மரியாதைக் குறைவு, அவ்வளவுதான்.

அம்மாவின் கண் போன இடத்தை நெட்டையின் அம்மா பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். அப்பா வந்ததும் கேட்டுவிட்டுச் சொல்வார்களாம்.

"புரியுது" என்றார். புன்னகைத்தார். இரண்டு தடவை நன்றி சொன்னார். எழுந்துவிட்டார். டம்ளரில் முக்கால் டீ அப்படியே இருந்தது.

"வேலை கிடக்கு போல, பாவம். டீயைக்கூடக் குடிக்கல" என்றாள் அம்மா.

எனக்கும் ஏதோ புரிந்தது. உடனே புரியவில்லை. அவர் படியிறங்கும் சத்தம் நின்ற பிறகு.

அக்டோபர் 3

அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"இதுல கேட்கறதுக்கு என்ன இருக்கு? தாராளமா இருக்கட்டும்" என்றார் அப்பா. "போய்ச் சொல்லிட்டியா?"

"நாமளா போய் நின்னு சொன்னா, பெரிய உபகாரம் பண்ற மாதிரி இருக்கும். கேட்டுப்போனவங்க பதிலுக்கு வருவாங்கல்ல? அப்பச் சொல்லிக்கலாம்."

"அதுவும் சரிதான்."

பிறகு அம்மா திரையை விலக்கி என் மூலையைப் பார்த்தாள். "இங்க அதுங்க ரெண்டும் படுத்துக்கட்டும். நீ என்கூட ஹால்ல வந்துடு. ஒரு மாசம்தானே."

தலையாட்டினேன்.

வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நெட்டை சொல்லியிருக்கிறாள். அந்த ரொட்டி நாளிலேயே சொன்னாள். ஒரு தடவைதான் கேட்பார்கள். அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சோறு போட்டுக்கொண்டிருந்தாள், சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் நாளைக்கு பெஞ்சில் நெட்டையிடம் "உங்களுக்காக மெத்தை தயார்" என்றால் போதும். முடிந்தது.

ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ரெண்டு நாள் போகட்டும்.

ரெண்டு நாள் இந்த ஜன்னல் என்னுடையதாக இருக்கட்டும்.

அக்டோபர் 5

அம்மா புதுப் போர்வை துவைத்துக் காயப்போட்டாள். சின்னதாக ஒரு தலையணை உறை தைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்டோபர் 7

நெட்டை பேசுவதில்லை. கோபமாகவும் இல்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், ரப்பர் கேட்டால் தருகிறாள். ஆனால் நான் ஏதாவது ஆரம்பித்தால் புத்தகத்தைத் திறந்துகொள்கிறாள்.

அவள் ஏதாவது கேட்கட்டும், உடனே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். "உங்கம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒரு வார்த்தை. அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்தே அதற்குக் காத்திருந்தேன்.

சாயங்காலம் நானும் அம்மாவும் போகும்போது தெருமுனையில் நெட்டையின் அம்மா எதிரே வந்தார். எங்களைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விட்டார்.

"பாத்தியா?" என்றாள் அம்மா. முகம் சுண்டிவிட்டது. "வேற எங்கயோ நல்ல இடமா கிடைச்சிருக்கும். நம்ம வீடு பிடிக்கல போல. ஒரு ரூம் வீடுதானே."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'எங்க வாயே நீதான்.' என்ன வாய்?

அக்டோபர் 10

பள்ளிக்கு ஒரு அம்மா வந்தார். பச்சைப் பை. குழந்தைகள் நலத்துறை ஆபீஸிலிருந்து என்று பெஞ்சில் பேசிக்கொண்டார்கள். நெட்டையைக் கூப்பிட்டு ஹெட்மாஸ்டர் அறையில் வைத்து ரொம்ப நேரம் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நெட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவள் அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்த அதே மாதிரி.

திரும்பி வந்து பையில் சாமான்களை அடுக்கினாள். "என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல."

மறுபடி கேட்கவில்லை. அவர்கள் வழக்கப்படி அதுதானே மரியாதை? இப்படி எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. வசதியாக இருக்கிறபோது மட்டும் நான் அவர்கள் வழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

நாளைக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

அக்டோபர் 12

போய்விட்டாள்.

நேற்று அவள் பள்ளிக்கு வரவில்லை. இன்று காலை நான் கிளம்பும்போது பக்கத்துக் கட்டிட வாசலில் பச்சைப் பை அம்மாவின் வேன். நெட்டையை வேறு ஊரில் ஒரு ஹாஸ்டலில் விடுகிறார்கள். பள்ளிக்கூடமும் அங்கேயேதான். ஹாஸ்டலில் சின்னக் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்களாம். அதனால் வாலுவை நேற்றே யாரோ ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள்.

ஓடினேன். நெட்டை வேன் கதவருகே நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "நீ எதுவும் சொல்ல வேண்டாம். உங்கம்மா முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லாம, அன்பாச் சொன்னாங்க. எங்கம்மா அதை மறக்க மாட்டேன்னு சொன்னாங்க. நீ சங்கடப்படாதே."

டிரைவர் கதவைச் சாத்தினார்.

அவ வேண்டாம்னு சொன்னா. நான் மறுபடி சொல்லியிருக்கணும். எங்க வீட்டுல ஒரு வேண்டாமை யாராவது வேண்டாம்னு எடுத்துக்குவாங்களா? கதவைத் தட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். பயமா இருந்துச்சு. அவளுக்குத் தெரிஞ்சா என்னை என்னன்னு நினைப்பா. அம்மாவுக்குத் தெரிஞ்சா—

எழுத முடியவில்லை.

அக்டோபர் 13

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடைக்கு வந்த யாரோ சொன்னார்களாம்.

"ரெண்டையும் ரெண்டு இடத்துலயா? நாம இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோமே. ஒரு வார்த்தை வந்து சொல்லக் கூடாதா? அவ்வளவு கேவலமா போயிட்டோமா?"

அழுதாள். பிறகு அந்தச் சின்னத் தலையணை உறையை மடித்து, அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

என் மூலை எனக்கே இருக்கிறது. தெருவிளக்கு என் பாதியில்தான் விழுகிறது.

அக்டோபர் 16

பச்சைப் பை அம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். கதவைத் திறந்தவள் வழி விடாமல் நின்றேன். என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது இது: "நீங்க பிள்ளைகளைச் சேர்த்துக்க முடியாதுன்னு சொல்லிட்டீங்கன்னு அவங்க அம்மா சொன்னாங்க. அதைப் பத்திக் கேட்க வரல, அது உங்க இஷ்டம். ஆனா சின்னவ பேசறதே இல்ல. டேப்பு வச்சிருக்கற அம்மா வேணும்னு மட்டும் ஒரு நாள் சொன்னா. நீங்க ஒரு தடவை போய்ப் பார்க்க முடியுமா?"

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

முதல் பாதியை விழுங்கிவிட்டேன். "வாலு பேசவே மாட்டேங்குதாம். உன்னைக் கேட்டுச்சாம். போய்ப் பாக்க முடியுமான்னு கேக்கறாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"இப்பவே போறேன்னு சொல்லு. அப்படியே இன்னொண்ணும் கேளு. எங்களை ஏன் யாரும் ஒரு வார்த்தை கேட்கல? இங்க இடமா இல்லை?"

இதையும் விழுங்கினேன். "போய்ப் பார்க்கிறாங்களாம்" என்றேன்.

அம்மா இவ்வளவு நீளமாகப் பேசியதை நான் ஒரே வாக்கியத்தில் முடித்ததை அவர் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கழுவும்போது ஒன்று கையிலிருந்து நழுவி விழுந்தது. உடையவில்லை. உடைந்திருந்தால் அதைச் சாக்காக வைத்தாவது அழுதிருப்பேன்.

அக்டோபர் 17

சொல்லிவிட்டேன்.

கீழ்த்தளத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான துவைக்கிற அறை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பாதி கேட்காது என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன். ரொட்டியிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு தடவைதான் கேட்பார்கள் என்று நெட்டை சொன்னது. கேட்டுச் சொல்கிறேன் என்றால் அவர்களுக்கு என்ன அர்த்தம் என்பது. பதில் கேட்க வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நேற்று நான் விழுங்கிய இரண்டு பாதிகள். நடுவில் மெஷின் நின்றுவிட்டது. கடைசியில் இருந்ததை அமைதியில்தான் சொல்ல வேண்டியிருந்தது: மூலை போய்விடுமே என்று.

அம்மா அடிக்கவில்லை. ஈரத்துணியை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கூடையில் போட்டாள்.

"அப்ப நான் முடியாதுன்னு சொல்லிட்டதா நினைச்சுக்கிட்டுத்தான் அந்தப் பொம்பளை ஆபரேஷனுக்குப் போயிருக்கா."

"ஆமாம்மா."

"நான் இங்க போர்வை துவைச்சுக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு அவள் என்னைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று மாடிப்படி முழுக்கக் காத்திருந்தேன். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மட்டும் சொன்னாள்: "எனக்கு அவங்க வழக்கம் தெரியாதுடி. அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவ நீ ஒருத்திதான் இருந்த."

அக்டோபர் 18

ஆஸ்பத்திரி. நெட்டையின் அம்மா பாதியாக இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

போகும் வழியில் அம்மா சொல்லியிருந்தாள்: "நான் சொல்றதை ஒண்ணு விடாம சொல்லு. அவங்க சொல்றதையும். நல்லா இருக்கோ இல்லையோ, நீ ருசி பாக்க வேண்டாம்."

ஒன்றும் விடவில்லை. அம்மா சொன்னாள்: அன்றைக்கே என் மனசில் சரி என்றுதான் இருந்தது. கணவரைக் கேட்டுவிட்டுச் சொல்வது எங்கள் மரியாதை. நீங்கள் பதிலுக்கு வருவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் எதிர்ப்பக்கம் தாண்டிப் போனதும் எங்கள் வீடு பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் வேண்டாம்னு சொல்லியிருப்பார், அதைச் சொல்ல முடியாம நீங்க தவிப்பீங்கன்னு நினைச்சேன். எதிர்ல வந்தா உங்களுக்குத் தலைகுனிவா இருக்குமேன்னுதான் தாண்டிப் போனேன்."

இதைத் தமிழில் சொல்லும்போது நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை.

என் பங்கையும் நானே சொன்னேன். இரண்டு மொழியிலும். நெட்டையின் அம்மா என்னைப் பார்த்து, "நீ சின்னப் பொண்ணு" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர்கள் சொன்னால் சொன்னதுதான். சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெளியே வந்து பச்சைப் பை அம்மாவுக்குப் போன் செய்தோம். பிள்ளைகளை இப்போதே அனுப்புங்கள் என்று அம்மா சொல்ல, சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. "ஒரு தடவை மாத்தின குழந்தையை மறுபடி மாத்தறது நல்லதில்ல. அவங்க அம்மா வீட்டுக்கு வரட்டும். வாரா வாரம் நீங்க போய்ப் பாருங்க."

அக்டோபர் 21

ஹாஸ்டலுக்குப் போன் செய்து நெட்டையைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை பார்த்தேன்.

கடைசியில் கேட்டாள்: "அத்தனை நாளும் நீ என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்த?"

"ஆமா."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 1

கிளினிக் போனோம். "பெருசா ஒண்ணுமில்ல" என்று அம்மா ஆரம்பித்தாள். நான் டாக்டரிடம், "அப்படித்தான் சொல்வாங்க, தயவுசெஞ்சு இன்னொரு தடவை கேளுங்க" என்றேன். கேட்டார். அம்மா என்னை முறைத்துவிட்டு, ராத்திரி தூங்கவே முடிவதில்லை என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

முன்னாடியே செஞ்சிருக்கலாம். எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சிருக்கலாம்.

நவம்பர் 14

நெட்டையின் அம்மா வீடு திரும்பிவிட்டார். வாலுவும் வந்துவிட்டது. நெட்டை வரவில்லை. வருஷ நடுவில் மறுபடி பள்ளி மாறத் தனக்குத் தெம்பில்லை, பரீட்சை முடியட்டும் என்று அவளே சொல்லிவிட்டாளாம். கடைசி பெஞ்சில் நான் மட்டும்.

நவம்பர் 22

இன்று நெட்டையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். இன்னும் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். வாலு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தது. அம்மா டேப்பை நீட்டினாள். வாங்கிக்கொண்டது, யாரையும் அளக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, பாத்ரூம் போகலாமா என்று ரகசியமாகக் கேட்டது. சொந்த வீட்டிலும் இப்போது அப்படித்தான் கேட்டுவிட்டுப் போகிறதாம். அன்றைக்குச் சாப்பிட வந்தபோது எங்கள் வீட்டில் கேட்காமலே சர்க்கரை டப்பாவைத் திறந்தது.

அம்மா இந்த ஊர் மொழியில், என்னை நடுவில் விடாமல், தானே கேட்டாள்: "டீ?"

"வேண்டாம்" என்றார் நெட்டையின் அம்மா.

அம்மா எடுத்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தாள். வாழ்க்கையில் ஒரு வேண்டாமையும் ஏற்றுக்கொள்ளாத அம்மா. வந்து எதிரில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய மரியாதை செய்துவிட்ட முகம்.

நெட்டையின் அம்மாவின் கண் மட்டும் ஒரு தடவை அடுப்புப் பக்கம் போய்த் திரும்பியது. இன்னொரு தடவை போனது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கேன்டீனில் ரொட்டியை நான் பார்த்த பார்வை.

அன்றைக்குப் போலச் சும்மா இருந்துவிடுவேனோ என்று ஒரு நொடி பயமாக இருந்தது.

"அம்மா, இன்னொரு தடவை கேளு. அவங்க நம்மள மாதிரி சொல்லிட்டு உக்காந்திருக்காங்க." பிறகு அந்தப் பக்கம் திரும்பி இந்த ஊர் மொழியில்: "உங்க வழக்கப்படி முதல் வேண்டாமையே அம்மா எடுத்துக்கிட்டாங்க, ஆன்ட்டி."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். நெட்டையின் அம்மாதான் முதலில் சிரித்தார். தையல் போட்ட இடம் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். டம்ளர் நிறைய ஊற்றினாள். அவர் அடிவரை குடித்தார்.

வாலு சிரிக்கவில்லை. "அக்கா எப்ப வருவா?" என்று கேட்டது. அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அது மறுபடி கேட்கவில்லை.

நவம்பர் 23

போன வாரமே நெட்டையிடம் போனில் கேட்டிருந்தேன், சனிக்கிழமை நான் அங்கே வரட்டுமா என்று. "வேண்டாம்" என்றாள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதை மதித்துத்தான் சும்மா இருந்தேன்.

நேற்று ராத்திரி முழுக்க அந்த டம்ளரையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள். நான் பசியோடு வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்தவள். அவள் சொன்னது யாருடைய வேண்டாம்?

தெரியாது. தப்பாக இருந்தால் அவளை அவமானப்படுத்தியதாகும். போனை எடுக்கவே பள்ளி விட்டு வந்து இருட்டும்வரை ஆயிற்று.

"சனிக்கிழமை வரட்டுமா?" என்று மறுபடி கேட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ வாளி இழுக்கும் சத்தம், குழாய் திறக்கும் சத்தம்.

"உங்க தெருமுனையில ஏறுற பஸ் நேரா வராது" என்றாள். "மார்க்கெட்கிட்ட இறங்கி வேற பஸ் மாறணும்."